வெளியார் நூலகமும் அரைப் பங்கும்

(இளங்கலைக் கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு மாணவன் எழுதியது)

முன்னுரை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் வரும் நம் மாணவர்கள் பலருக்கும் புல்லட் மோட்டார் சைக்கிளின் வரலாறு ஓரளவு தெரிந்திருக்கும். 1955-ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொடக்கத்தில் ரெட்டிச் நகரிலிருந்து பாகங்கள் பெட்டிகளில் வரும். திருவொற்றியூரில் அவற்றை வண்டியாகப் பூட்டுவார்கள். 1962-ஆம் ஆண்டளவில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோயிற்று. பாகங்களை அனுப்பிய தாய் நிறுவனம் மறைந்த பின்னும் திருவொற்றியூரில் புல்லட் ஓசை நிற்கவில்லை. எண்ணூரிலும் இதே போன்ற கதைதான். 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; 1955-இல் லேலண்டு நிறுவனத்தின் பங்கோடு அசோக் லேலண்டு ஆயிற்று.

கணினி பற்றிய கட்டுரையில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. பிறர் செய்த பாகத்தை நம் பொருளுக்குள் வைத்துப் பூட்டுவது எளிது. அது எங்கிருந்து வந்தது, அனுப்பியவர் நாளை இருப்பாரா, அது பழுதானால் நம்மால் திறந்து பார்க்க முடியுமா என்பவைதாம் கடினமான கேள்விகள். நம் பகுதித் தொழிற்சாலைகள் அந்தக் கேள்விகளைச் சந்தித்தன. மென்பொருள் எழுதும் நாமும் அவற்றைச் சந்திக்கிறோம். திறந்தமூலச் சோதனைத் திட்டம் ஒன்றில் வெளியார் நூலகத்தைச் சேர்க்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டியவை யாவை என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் செய்த ஒரு தவறும் இதில் வரும். அதை மறைத்துவிட்டு இதை எழுத மனம் வரவில்லை.

சொற்கள் சில

நூலகம் என்றால் இங்கே புத்தக அலமாரி அன்று. பலருக்கும் பயன்படும் வேலைகளை ஒருவர் எழுதிப் பொதியாகக் கட்டி வைக்கிறார். மற்றவர்கள் அதைத் தம் நிரலோடு சேர்த்து அழைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொதியே நிரல் நூலகம். நாமும் எழுதாமல், நாம் பயன்படுத்தும் கணினிமொழியோடும் வராமல், மூன்றாமவர் ஒருவரிடமிருந்து வந்தால் அது வெளியார் நூலகம்.

சோதனை நிரல் என்பது நிரலைச் சோதிக்கும் நிரல். 'இந்தக் கணக்குக்கு விடை 2,000 வர வேண்டும்' என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். மூல நிரலைத் திருத்தும்போதெல்லாம் சோதனையை ஓட்டுகிறோம். விடை பொருந்தினால் பச்சைக் கோடு. பொருந்தாவிட்டால் சிவப்புக் கோடும், எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்ற செய்தியும் வரும். அந்தச் செய்தி மிக முக்கியம். வயிற்றுவலி என்று வருபவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டறியாமல் எந்த மருத்துவரும் மருந்து எழுத மாட்டார்.

ஜேயூனிட் கற்றுத்தரும் பாடம்

ஜாவா மொழியில் சோதனை எழுதுவோர் அறிந்த திறந்தமூலக் கருவி ஜேயூனிட். 1997-இல் சூரிக் நகரிலிருந்து அட்லாண்டாவில் நடந்த மாநாட்டுக்கு விமானத்தில் சென்றபோது கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் இதன் முதல் வடிவத்தை எழுதினர் என்பது இத்துறையில் பலரும் சொல்லும் செய்தி. பல ஆண்டுகள் ஜேயூனிட் தன் பொதிக்குள் பிறர் நிரல் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் ஜோ வால்ஸ் முதலியோர் ஹாம்கிரெஸ்ட் என்னும் நூலகத்தை வளர்த்தனர். 'பொருத்திப் பார்ப்பவை' என்று பொருள்படும் மேட்சர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கிச் செய்த பெயர் அது. 'இது இதற்குச் சமம்', 'இப்பட்டியலில் இது உண்டு', 'இது அதுவன்று' என்றெல்லாம் பேச்சுமொழிக்கு நெருக்கமாகச் சோதனை எழுத அது உதவியது. பொருந்தாதபோது வரும் செய்தியும் தெளிவாக இருந்தது.

2007-இல் ஜேயூனிட் 4.4 பதிப்பு வெளிவந்தபோது ஹாம்கிரெஸ்டின் மையப் பகுதியை ஜேயூனிட் தன் பொதிக்குள்ளேயே வைத்துக்கொண்டது. இதனால் பயனர்களுக்கு நன்மையே. ஒரே பொதியை இறக்கிக்கொண்டால் போதும், இரண்டும் கிடைத்துவிடும். பி.எஸ்.டி. உரிமத்தில் வந்த ஹாம்கிரெஸ்டை உரிமக் குறிப்போடு சேர்த்து வழங்கத் தடையும் இல்லை. பின் என்ன தொல்லை?

ஹாம்கிரெஸ்ட் அதோடு நின்றுவிடவில்லை, அது வளர்ந்தது. 1.1 பதிப்பில் இல்லாத செயல்முறைகள் 1.3 பதிப்பில் வந்தன. புதிய பதிப்பை விரும்பியவர்கள் அதைத் தனியே சேர்த்தார்கள். அப்போது ஒரே நிரலுக்குள் இரண்டு ஹாம்கிரெஸ்டுகள் வந்துவிட்டன: ஒன்று ஜேயூனிட்டின் வயிற்றுக்குள், மற்றொன்று வெளியே. இதைத் தவிர்க்க ஹாம்கிரெஸ்ட் இல்லாத ஜேயூனிட் பொதி ஒன்றும் தனியாக வழங்கப்பட்டது. 2012-இல் வந்த 4.11 பதிப்பில், மேவன் களஞ்சியத்துக்கான பொதியிலிருந்து ஹாம்கிரெஸ்ட் வெளியேற்றப்பட்டது. 'எனக்கு ஹாம்கிரெஸ்ட் 1.3 தேவை' என்று அறிவிக்கும் சார்பாக மட்டும் அது நின்றது. 2017 செப்டம்பரில் வெளிவந்த ஜேயூனிட் 5 இன்னும் ஒருபடி சென்றது. அதில் ஹாம்கிரெஸ்ட் சார்பே இல்லை. வேண்டியவர்கள் தமக்குப் பிடித்த நூலகத்தைத் தாமே சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு நூலகத்தை உள்ளே எடுத்து வைக்க ஒரு பதிப்பு போதுமானதாக இருந்தது. அதை முறையாக வெளியே எடுத்து வைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் இதில் தீயவர் எவரும் இல்லை. இரண்டு நூலகங்களும் நல்லவை, எழுதியோரும் திறமையானோர். நல்ல பொருளையும் சேர்க்கும் முறை அறிந்து சேர்க்க வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் பாடம்.

ஒரே தெருவில் இரண்டு முருகன்கள்

இரண்டு பதிப்புகள் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஜாவா நிரல் ஓடும்போது, தேவையான வகுப்பைத் தேட ஒரு பாதை கொடுக்கப்படுகிறது. கிளாஸ்பாத் என்று நாம் சொல்வது அதுதான். அப்பாதையில் பொதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வகுப்பின் பெயரைச் சொல்லி அழைத்தால், வரிசையில் முதலில் அப்பெயருடன் எது அகப்படுகிறதோ அதுவே வரும். இரண்டாவது இருப்பதைக் கணினி கேட்டுக்கூடப் பார்க்காது.

காசிமேட்டில் ஒரு தெருவில் இரண்டு முருகன்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் நின்று 'முருகா' என்று கூப்பிட்டால் முதல் வீட்டு முருகன்தான் வருவான். நமக்கு வேண்டியவன் என்ஜின் வேலை தெரிந்த இரண்டாம் வீட்டு முருகன். முதல் முருகன் வந்து நிற்பான். சிறு வேலைகளையெல்லாம் செய்வான். 'என்ஜினைப் பிரி' என்று சொல்லும்போதுதான் 'எனக்குத் தெரியாதே' என்பான். அதுவரை நமக்கு எந்த ஐயமும் எழாது. ஜாவாவில் இந்தத் 'தெரியாதே' என்பதற்கு 'நோ சச் மெத்தட் எரர்' என்று பெயர்: அப்படியொரு செயல்முறை இங்கே இல்லை என்று பொருள்.

எங்கள் பங்குக் கணக்கு

என் சித்தப்பா காசிமேட்டில் ஒரு விசைப்படகில் பங்குதாரர். கடலுக்குப் போய் வந்த பின் மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுப் பொருள் ஆகிய செலவுகளைக் கழிப்பார்கள். மீதியில் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். விகிதம் படகுக்குப் படகு மாறும். சித்தப்பா படகில் படகுக்கு நூற்றுக்கு 60, ஆட்களுக்கு 40. அந்த 40-ஐப் பங்குகளாகப் பிரிக்கும்போது டிரைவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஒரு பங்கு, புதிதாகத் தொழில் பழக வந்தவருக்கு அரைப் பங்கு.

இந்தக் கணக்கைச் சித்தப்பா நீள நோட்டில் எழுதி வந்தார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகுகள் கரையில் இருக்கும். எங்களுக்கும் கல்லூரி விடுமுறை. நாங்கள் மூவரும் சேர்ந்து இந்தக் கணக்குக்கு ஜாவாவில் ஒரு நிரல் எழுதினோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எம்.ஐ.டி. உரிமத்தில் பொதுக் களஞ்சியத்தில் வைத்தோம். நிரலைவிடச் சோதனைகளுக்கே அதிகம் உழைத்தோம். கணக்கு வழக்கம் படகுக்குப் படகு மாறுவதால், வேறொரு படகுக்காரர் தம் வழக்கத்தைச் சோதனையாக எழுதிச் சேர்த்தால் நிரலைத் தைரியமாகத் திருத்தலாம் என்பது எங்கள் எண்ணம். ஜேயூனிட் 4.12-உம் ஹாம்கிரெஸ்ட் 1.3-உம் எடுத்துக்கொண்டோம்.

கணக்குச் சீட்டு அச்சடிக்கும் சிறு அச்சுப்பொறி ஒன்று சித்தப்பாவிடம் இருந்தது. சோதனை ஓட்டும்போதெல்லாம் தாள் அச்சாகிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. எனவே அச்சுப்பொறிக்குப் பதிலாக நடிக்கும் ஒரு பொம்மைப் பொருள் தேவைப்பட்டது. அப்படிப் பொம்மை செய்துதரும் வெளியார் நூலகம் ஒன்றைத் தோழர் ஒருவர் கண்டுபிடித்தார். பெரிய பொதி, எல்லாம் உள்ளேயே இருக்கிறது, வேறு எதுவும் வேண்டாம் என்றார். இரவு பதினொரு மணிக்கு அதைக் கோப்புறையில் போட்டோம். சோதனைகளை ஓட்டினோம். எல்லாம் பச்சை. மகிழ்ந்து உறங்கினோம்.

அந்தப் பொதிக்குள் ஹாம்கிரெஸ்ட் 1.1 இருந்தது. எங்கள் பாதையில் அந்தப் பொதி முதலில் நின்றது. முதல் வீட்டு முருகன் குடிவந்துவிட்டான், எங்களுக்குத் தெரியாது.

வாய் அடைபட்ட சோதனை

சில நாள் கழித்து அரைப் பங்கு வசதியைச் சேர்த்தோம். முறைப்படி சோதனையை முதலில் எழுதினேன். ஆட்கள் பங்கு 34,000 ரூபாய். டிரைவர் ஒருவர், ஆட்கள் ஆறு பேர், புதியவர் ஒருவர். மொத்தம் எட்டரைப் பங்கு. பங்குக்கு 4,000 ரூபாய். புதியவருக்கு 2,000 வர வேண்டும்.

பிறகு தோழர் நிரலில் புதியவரின் பங்கு 1/2 என்று எழுதினார். ஜாவாவில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். தசமப் பகுதி உதிர்ந்துவிடும். 1/2 என்பதற்கு அங்கே விடை பூஜ்யம். முதலாண்டிலேயே படித்த பாடம்தான். ஆயினும் கை எழுதிவிட்டது.

சோதனை சிவந்தது. அது சொல்லியிருக்க வேண்டிய செய்தி, 'எதிர்பார்த்தது 2,000. கிடைத்தது 0' என்பது. அந்தச் செய்தியை உருவாக்கும் செயல்முறை ஹாம்கிரெஸ்ட் 1.3-இல் உண்டு, 1.1-இல் இல்லை. எனவே அச்செய்தி வராமல் 'நோ சச் மெத்தட் எரர்' என்று ஒரு நீண்ட பிழைப்பட்டியல் வந்தது. சோதனைகள் வெற்றி பெறும்வரை அந்தச் செயல்முறையை யாரும் அழைப்பதில்லை. தோல்வியுற்ற அன்றுதான் அழைப்பு போயிற்று. அன்றுதான் வாய் அடைபட்டிருப்பது வெளிப்பட்டது.

நான் என்ன செய்தேன்? 'இது நம் கணக்கில் உள்ள பிழை அன்று, நூலகத் தகராறு, பிறகு பார்க்கலாம்' என்று அந்தச் சோதனைக்கு மேலே 'இக்னோர்' என்று ஒரு குறி போட்டு ஒதுக்கிவைத்தேன். பங்குகளின் கூட்டுத்தொகை 34,000-க்குச் சமமா என்று பார்க்கும் இன்னொரு சோதனை பச்சையாகவே இருந்தது. அது எனக்குத் துணிவு தந்தது. ஒவ்வொரு நாளும் அறிக்கையின் அடியில் 'ஒதுக்கப்பட்டது 1' என்று வந்துகொண்டுதான் இருந்தது. ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குச் சென்றன. முதல் நடை முடிந்து வந்ததும் 1,35,000 ரூபாய்க்கு மீன் விற்றது. செலவு 50,000. மீதி 85,000-இல் ஆட்கள் பங்கு 34,000. சோதனையில் எழுதியிருந்த அதே தொகை தற்செயலாக அமைந்தது. ஆட்களும் அதே எண்ணிக்கை. சீட்டை அச்சடித்தோம். டிரைவருக்கு 8,500, ஆள் ஒருவருக்கு 4,250. அவ்வாறே பணமும் எண்ணிக் கொடுக்கப்பட்டது. புதிதாக வந்த பத்தொன்பது வயது இளைஞர் தம் பெயர் வரும் என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வரவில்லை. கேட்கவும் அவருக்குத் தயக்கம். எல்லாரும் கலைந்த பிறகுதான் சித்தப்பா சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, புதுப் பையன் பேருக்கு நேரா சுழி போட்டிருக்கு?"

"கூட்டுத்தொகை சரியா இருக்கே சித்தப்பா" என்றேன்.

"கூட்டுத்தொகை சரியா இருந்தா? அவன் வூட்டுக்கு இன்னா எடுத்துனு போவான்?"

எனக்குப் பதில் இல்லை. அன்று மாலையே சித்தப்பா ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கூடுதலாகப் போன தொகையைத் திரும்ப வாங்கினார். டிரைவரிடம் 500, ஆறு பேரிடம் ஆளுக்கு 250, ஆக 2,000. அந்த இளைஞருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது படகில் எளிதான செயல் அன்று. சித்தப்பாவின் சொல்லுக்கு மதிப்பு இருந்ததால் நடந்தது. அந்த மதிப்பை எங்கள் நிரல் ஒருநாள் அடகு வைத்துவிட்டது.

கண்டதும் திருத்தியதும்

மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் பிழைப்பட்டியலைக் காட்டினோம். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. "உங்கள் நிரலுக்குள் மொத்தம் எத்தனை ஹாம்கிரெஸ்ட் இருக்கின்றன?" என்று மட்டும் கேட்டார். ஒன்று என்றோம். பொதிகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு இருந்தன.

பாதை வரிசையைச் சரிசெய்ததும் ஒதுக்கிய சோதனை பேசத் தொடங்கியது: எதிர்பார்த்தது 2,000, கிடைத்தது 0. இத்தனை நாளும் அது சொல்ல முயன்ற செய்தி இதுவே. கணக்கை அரைப் பங்கு அலகில் மாற்றினோம்: டிரைவருக்கு 4 அலகு, ஆளுக்கு 2, புதியவருக்கு 1. மொத்தம் 17 அலகு, அலகுக்கு 2,000. இனிப் பின்னமே தேவையில்லை. சரியாக வகுபடாமல் மிஞ்சும் சில்லறையைப் பொதுச் செலவில் சேர்ப்பது படகின் வழக்கம் என்று சித்தப்பா சொன்னார்; அதற்கும் ஒரு சோதனை எழுதினோம். ஒவ்வொருவர் தொகையும் பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சோதனை.

பொம்மை நூலகத்தையும் நீக்கிவிட்டோம். எங்களுக்குத் தேவைப்பட்டது அச்சுப்பொறியைப் போல நடிக்கும் ஒரே ஒரு வகுப்பு. அதைப் பத்து வரியில் நாங்களே எழுத முடிந்தது. ஹாம்கிரெஸ்டை வைத்துக்கொண்டோம். அதன் செய்திகள் எங்களுக்கு வேண்டும்.

எல்லாவற்றையும் நாமே எழுதலாமா?

இந்நிகழ்ச்சிக்குப் பின் தோழர் ஒருவர், இனி வெளியார் நிரல் எதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டினார். அதுவும் சரியன்று. சான்றாக, சீட்டில் பெயர்களை அகலம் பார்த்து அச்சிட வேண்டியிருந்தது. 'செல்வம்' என்ற பெயரில் எத்தனை எழுத்து? நமக்கு நான்கு: செ, ல், வ, ம். ஜாவாவின் நீளம் பார்க்கும் கட்டளை ஏழு என்கிறது. யூனிகோடில் ஒற்றைக்கொம்பும் புள்ளிகளும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதே காரணம். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாக எண்ணவும் அகர வரிசைப்படுத்தவும் அனுபவமுள்ளோர் உழைத்து நூலகங்கள் செய்திருக்கிறார்கள். பைத்தான் மொழியில் 'ஓப்பன் தமிழ்' அத்தகையது. அவ்வுழைப்பைப் புறக்கணித்து நாமே அரைகுறையாக எழுதினால் புதுப் பிழைகளையே பெறுவோம். பத்து வரியில் முடிவதை நாம் எழுதலாம். பல்லாண்டு அறிவு தேவைப்படுவதைக் கற்றவரிடமிருந்து பெறலாம்.

வெளியுலக நிகழ்ச்சிகள் மூன்று

நம் தவறு சிறிது. உலகம் கண்ட பெரிய தவறுகளும் உண்டு.

2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொண்டார். சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவதுதான் அதன் வேலை. அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்கள் அன்று கட்டப்பட முடியாமல் நின்றன.

2021 டிசம்பரில் 'லாக் ஃபார் ஜே' என்னும் ஜாவா நூலகத்தில் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. குறையைத் திருத்துவதைவிடத் தம்மிடம் அந்நூலகம் இருக்கிறதா என்று கண்டறிவதே பல நிறுவனங்களுக்குப் பெரும்பாடாயிற்று. அவர்கள் நேரே சேர்த்த நூலகம் அன்று அது. சேர்த்த நூலகத்தின் நூலகமாக உள்ளே வந்திருந்தது.

2024 மார்ச்சில் 'எக்ஸ்.இசட்.' என்னும் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளவழி வைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லவராகப் பணியாற்றி நம்பிக்கை பெற்ற ஒருவர் அதைச் செருகியிருந்தார். ஒளித்துவைத்த இடம் எது தெரியுமா? சோதனைக் கோப்புகள். சோதனைக்காக வைத்த கோப்புகளை யார் திறந்து பார்ப்பார்கள் என்ற துணிவு. கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அளவு தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர் விடாமல் துருவியதால் அது வெளிப்பட்டது. 'ஒதுக்கப்பட்டது 1' என்பதைத் தினமும் கண்டும் காணாமல் இருந்த நான் இதைப் படித்தபோது வெட்கப்பட்டேன்.

சேர்க்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து நாங்கள் எங்களுக்காக வகுத்துக்கொண்ட முறை வருமாறு:

முதலாவது, தேவையை ஒரு வாக்கியத்தில் எழுதுக. அந்த வாக்கியத்தை நாமே பத்து வரியில் நிறைவேற்ற முடியுமானால் நூலகம் வேண்டா.

இரண்டாவது, உரிமத்தைப் படிக்க. பி.எஸ்.டி., எம்.ஐ.டி. உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பை உடன் வைக்கச் சொல்கின்றன. ஜி.பி.எல். உரிமம், அதனோடு இணைந்து வெளியிடப்படும் நிரலும் அவ்வாறே திறந்திருக்க வேண்டும் என்கிறது. அப்பாச்சி 2.0 உரிமம் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்போடு பொருந்தும். இரண்டாம் பதிப்போடு பொருந்தாது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நிபந்தனையற்றது அன்று.

மூன்றாவது, சார்பு மரத்தை விரித்துப் பார்க்க. மேவன் போன்ற கருவிகள் ஒரே கட்டளையில் இம்மரத்தைக் காட்டும். ஆனால் ஒரு பொதியின் வயிற்றுக்குள் திணிக்கப்பட்டவற்றை இம்மரம் காட்டாது. பொதியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று பெருமை பேசும் பொதியை முதலில் திறக்க.

நான்காவது, பதிப்பு எண்ணை உறுதியாகக் குறிக்க. 'புதியது எதுவோ அது' என்று விட்டுவிட்டால் இன்று ஓடியது நாளை ஏன் ஓடவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகப் பழைய பதிப்பிலேயே படுத்துறங்கவும் கூடாது. குறித்த நாளில் பார்த்து, சோதித்து, உயர்த்த வேண்டும்.

ஐந்தாவது, நூலகம் சேர்ப்பதைத் தனி மாற்றமாகச் செய்க. வேறு திருத்தங்களோடு கலக்கற்க. ஏன் சேர்த்தோம் என்ற காரணத்தைக் குறிப்பில் எழுதுக. வேண்டாதபோது அந்த ஒரு மாற்றத்தைப் பின்வாங்கினால் போதும்.

ஆறாவது, இதுவே என் அனுபவத்தில் தலையாயது: சேர்த்த பின் பச்சைக் கோட்டைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்து, சோதனை சிவக்கிறதா, சிவந்தபின் பொருள் விளங்கும்படி பேசுகிறதா என்று பாருங்கள். அன்று இரவு இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் அடைபட்ட வாய் அன்றே தெரிந்திருக்கும்.

ஏழாவது, ஒதுக்கிவைத்த சோதனைக்குக் காரணமும் தேதியும் எழுதுக. காரணம் எழுத முடியாத சோதனையை ஒதுக்க உரிமையில்லை.

முடிவுரை

ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் வந்த காலத்தில் அவற்றைப் பூட்டியதோடு நின்றிருந்தால், அங்கே உற்பத்தி நின்ற நாளில் இங்கும் நின்றிருக்கும். பாகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கற்றுக்கொண்டதால் நம் பகுதித் தொழிலாளர்கள் தொடர்ந்து செய்தார்கள். திறந்தமூல மென்பொருளில் இந்த வாய்ப்பு நமக்கு முதல் நாளே கிடைக்கிறது. பெட்டி திறந்தே வருகிறது. திறந்து பார்ப்பதுதான் நம் வேலை.

எங்கள் நிரல் இப்போதும் ஓடுகிறது. நீள நோட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்ட பிறகே சித்தப்பா பணத்தை எண்ணுகிறார். அது எங்களுக்கு அவமானமாகப் படவில்லை. அவருடைய நோட்டும் ஒரு சோதனைதான். அந்த இளைஞர் இப்போது முழுப் பங்குக்காரர். அரைப் பங்குக்கான சோதனையை மட்டும் நாங்கள் நீக்கவில்லை. அடுத்து ஒருவர் தொழில் பழக வருவார்.